அண்ணியோட குண்டு ஏன் கீழ இறங்குச்சு

எங்க அண்ணி ஸ்கூல் பஸ் ஓட்றாங்க. இதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா, துப்பாக்கி சுடறவங்கன்னு சொன்னா போதும், கேக்கறவங்க மனசுல ஒரு முரட்டு உருவம் வந்து உக்காந்துக்குது. அண்ணி ஒல்லியா இருப்பாங்க, கண்ணாடி போட்டிருப்பாங்க, சத்தமா பேசவே மாட்டாங்க. பின் சீட்டுல ரெண்டு வாண்டுங்க அடிச்சிக்கிட்டா, முன்னாடி தொங்கற கண்ணாடியில ஒரு பார்வை பாப்பாங்க, அவ்வளவுதான். பஸ்ஸே அடங்கிடும். எனக்கு அந்தப் பார்வை வரவே வராது. எனக்கு வாய்தான்.

தினமும் காலைல வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி பஸ்ஸைச் சுத்தி ஒரு நடை நடப்பாங்க. ஒவ்வொரு டயரையும் காலால ஒரு தட்டு, ஒவ்வொரு லைட்டையும் கையால ஒரு துடைப்பு. மெக்கானிக் நேத்துதான் பாத்தான், எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னாலும் கேக்க மாட்டாங்க. "அவரு வண்டியைப் பாத்தாரு, நான் பிள்ளைங்களை ஏத்தறேன்"னு சொல்வாங்க. அதுக்கு மேல பேச்சு கிடையாது.

எங்க அண்ணன் போர்டு எழுதற பெயிண்டர். கடைப் பேரெல்லாம் ஸ்கேல் வைக்காம எழுதுவான், ஒரு எழுத்து கூடக்குறைய நிக்காது. அந்தக் கண்ணுக்கும் கைக்கும் பொழுதுபோக்கா கிடைச்சதுதான் ரைபிள். ஊருக்கு வெளிய ரேஞ்ச் இருக்கு. குப்புறப் படுத்து, இடது கையில வாரை இறுக்கிக்கிட்டு, அம்பது மீட்டர் தள்ளி இருக்கற அட்டையில கருவட்டத்தைச் சுடணும். தோட்டா சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டு போன அண்ணியை ஒரு நாள், "சும்மா படுத்துப் பாரேன்"னு அவனே படுக்க வச்சான். வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டான். அண்ணி சுட்ட முதல் அட்டையே அவன் அட்டையை விட நல்லா இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி சாப்பிடறப்ப அவன் யார்கூடவும் பேசல. மறுநாள் காலைல அவனே அண்ணி முழங்கைக்கு வைக்கற மாதிரி ஒரு துணித் திண்டு தைக்கச் சொல்லி என்கிட்ட வந்து நின்னான். நான் வீட்லயே திரைச்சீலை தைக்கறவ. கட்டிக்கிட்டவன்கூட ஒத்து வரல, அண்ணன் வீட்டுக் கீழ் போர்ஷனுக்கு வந்துட்டேன். அது தனிக் கதை, இங்க வேணாம்.

அண்ணிக்கு ரேஞ்ச்னா உசுரு. ஏன்னு ஒரு தடவை கேட்டேன். "வாரம் பூரா நாப்பது பேரு என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்கம்மா. அங்க படுத்தா யாரும் கூப்பிட மாட்டாங்க"ன்னாங்க.

அப்புறம் அண்ணனுக்குச் சர்க்கரை வந்துச்சு. வந்தது சும்மா போகல, கண்ணைப் பிடிச்சுது. முதல்ல டாக்டர் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாரு. அப்புறம் லேசர்ன்னாரு, ஊசின்னாரு, கடைசியில கையை விரிச்சிட்டாரு. வெளிச்சம் தெரியும், ஜன்னல் எந்தப் பக்கம்னு தெரியும், அதோட சரி. எழுதற பிரஷ்ஷையெல்லாம் கட்டி ஒரு டப்பாவுல போட்டான். அந்த ஞாயித்துக்கிழமை ரேஞ்சுக்கு வந்து, எல்லாரு முன்னாடியும் ரைபிளை அண்ணி கையில கொடுத்து, "இனிமே இதை நான் தொட மாட்டேன். இது உன்னுது"ன்னான். எங்க அண்ணன் பிடிச்ச முயலுக்கு மூணே கால். சொன்னா சொன்னதுதான். அதுக்கப்புறம் ரேஞ்சுப் பக்கமே அவன் வரல.

ஆனா அட்டை மட்டும் வீட்டுக்கு வரணும். ஞாயித்துக்கிழமை மதியம் அண்ணி வந்ததும் அட்டையை வாங்கி மடியில வச்சுக்குவான். கண்ணை மூடிக்கிட்டு விரல் நுனியால ஓட்டைகளைத் தடவித் தடவி, "பத்து, பத்து, இது ஒம்போது, மூணு மணிப் பக்கம்"னு சொல்லிக்கிட்டே போவான். நட்டநடுவுல பட்டா பத்து, விலக விலகக் குறையும். எங்க வீட்ல அட்டைன்னா கடிகாரம் மாதிரி. மேல போனா பன்னெண்டு, வலது பக்கம் மூணு, கீழ போனா ஆறு மணி. கண்ணுள்ளவங்க சொல்றதை விடச் சரியா சொல்வான். "போதும் அண்ணே, அட்டையைத் தேய்ச்சு வெள்ளையாக்கிடாத"ம்பேன்.

போன வருஷமோ எப்பவோ, அதையும் விட்டுட்டான். "நீயே சொல்லிடு, எனக்குச் சோம்பேறித்தனமா இருக்கு"ன்னான். மனசு விட்டுப் போச்சு போலன்னு நாங்களும் வற்புறுத்தல.

அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சுதான் ஆறு மணித் தொல்லை ஆரம்பிச்சுது.

ஞாயித்துக்கிழமையில அண்ணிகூட நானும் ரேஞ்சுக்குப் போவேன். பக்கத்துல முக்காலியில உக்காந்து தூரக்கண்ணாடியில அட்டையைப் பாத்து, ஒவ்வொரு குண்டும் எங்க விழுந்துச்சுன்னு மெதுவா சொல்றது என் வேலை. "பத்து. பத்து. பத்து." அப்புறம் திடீர்னு ஒண்ணு கீழ. "எட்டு, ஆறு மணி." அண்ணி தலையைத் தூக்கி என்னைப் பாப்பாங்க. "நல்லா பாத்தியா?" "நல்லாத்தான் பாத்தேன் அண்ணி." மறுபடி பத்து, பத்து. மறுபடி ஒண்ணு கீழ. பக்கவாட்டுல ஒரு இம்மி நகராது. நேரா கீழ, யாரோ கையைப் பிடிச்சு இழுத்த மாதிரி.

சுடறவங்களுக்கு ஒரு குண்டு விலகினா அது விலகறப்பவே தெரியும். மூச்சைச் சரியா விடல, விசையை வெடுக்குனு இழுத்துட்டேன்னு அவங்களே சொல்லிடுவாங்க. இது அப்படி இல்ல. "நல்லாதாம்மா விட்டேன். நடுவுலதான் இருந்துச்சு"ன்னு அண்ணி சொல்வாங்க. அட்டை வேற சொல்லும்.

என்னென்ன பாக்கலன்றீங்க! முதல்ல தோட்டா. மட்டமான சரக்குன்னு சொல்லி தோட்டா விக்கறவன்கிட்ட நான் போய்ச் சண்டை போட்டேன். அவன் பாவம், வேற பெட்டி கொடுத்தான். அதுலயும் கீழதான். அப்புறம் கட்டையையும் குழாயையும் சேக்கற திருகு, குறிபாக்கற சைட், கைவாரு, முழங்கைத் திண்டு. திண்டு நான் தைச்சதுங்கறதால அதைப் பிரிச்சு மறுபடி தைச்சேன். எதுவும் ஆகல.

கோச் ஒருத்தர் இருக்காரு, நல்ல மனுஷன்தான், ஆனா எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுவாரு. அவரே படுத்து, அண்ணி ரைபிள்ல அஞ்சு குண்டு சுட்டாரு. அஞ்சும் நடுவுல. எழுந்து மண்ணைத் தட்டிக்கிட்டு, "ரைபிள் தங்கம்க்கா. வயசாகுதில்ல, கண்ணு, கை எல்லாம் கொஞ்சம்..."னு இழுத்தாரு. "உங்களுக்கு மட்டும் வயசு பின்னாடி போகுதா?"ன்னு கேட்டுட்டேன். அண்ணி என் கையை அழுத்தினாங்க. கிளப்புல இருந்து பெரிய போட்டிக்கு நாலு பேர் போகணும், அந்த நாலுல அண்ணி பேரை எடுக்கலாமா வேணாமான்னு அவருக்கு யோசனை. எனக்கு அது புரிஞ்சுது. அண்ணி மனசுல ஓடினது வேறன்னு எனக்குப் புரியல.

வீட்டுக்கு வந்து அண்ணன்கிட்ட சொன்னா, அவன் சிரிச்சான். "அந்த ரைபிளை நான் கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்டேன். அதுல கோளாறா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உனக்கு மூச்சு சரியில்ல. முழுசா விடறதுக்கு முன்னாடி அமுக்கற. நெஞ்சு நிறைய காத்து இருந்தா குழாய் கீழதான் குத்தும்." அவன் கிண்டலாத்தான் சொன்னான். அண்ணியும் லேசா சிரிச்சாங்க. ஆனா அந்த வார்த்தை அவங்களுக்குள்ள எங்கயோ போய் மாட்டிக்கிச்சு.

கண் டாக்டர்கிட்ட போனாங்க. ஒண்ணுமில்லன்னாரு. நரம்பு டாக்டர் கையை நீட்டச் சொல்லி, மூக்கைத் தொடச் சொல்லி, ஒண்ணுமில்லன்னாரு. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? அண்ணி முகம் அப்படியே இருந்துச்சு. மாடிப்படியில நிறுத்திக் கேட்டேன்.

"என்ன அண்ணி, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களே?"

"உங்க அண்ணனுக்கும் முதல்ல ஒண்ணுமில்லன்னுதாம்மா சொன்னாங்க."

படியில உக்காந்துட்டாங்க. அப்புறம்தான் சொன்னாங்க. "போட்டி போனா போகட்டும். எனக்கு அது இல்ல. கை சரியாத்தான் இருக்குன்னு நான் நெனைக்கறப்ப, அது என்னைக் கேக்காம கீழ போகுதுன்னா, ஸ்டியரிங்கை எப்படிம்மா நம்பறது? பின்னாடி நாப்பது பிள்ளைங்க உக்காந்திருக்கு. டயரைத் தட்டிப் பாக்கறேன், லைட்டைத் தொடச்சுப் பாக்கறேன். என்னை எப்படித் தட்டிப் பாக்கறது?"

நானும் அந்தப் படியிலயே உக்காந்தேன். எப்பவும் இருக்கற வாய் அன்னிக்கு எங்கயோ போயிடுச்சு.

திங்கக்கிழமை ஸ்கூல்ல போய் பஸ் சாவியைக் கொடுத்துடறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஞாயித்துக்கிழமை ரேஞ்சுல கடைசியா ஒரு அட்டை சுட்டுட்டு ரைபிளையும் கிளப்புலயே ஒப்படைச்சுடறதுன்னு பேச்சு. அண்ணன்கிட்டயும் சொன்னோம். "ரைபிளை எதுக்குக் கொடுக்கணும்? வீட்லயே இருக்கட்டுமே"ன்னான். "சுடாத துப்பாக்கி வீட்ல எதுக்குங்க"ன்னாங்க அண்ணி. அவன் முகத்தைத் திருப்பிக்கிட்டான். விட்டுக்கொடுக்க மனசில்லன்னு நெனச்சேன்.

அந்த ஞாயித்துக்கிழமை வெயிலும் இல்ல, காத்தும் இல்ல. அண்ணி படுத்தாங்க. வழக்கமா ஒவ்வொரு குண்டு சுட்டதும் வெளிய விழற தோட்டாவோட காலிக் கூட்டைத் தகர டப்பாவுல தட்டி விடுவாங்க. அன்னிக்கு அப்படிப் பண்ணல. விழ விழ எடுத்து, பாய் ஓரத்துல வரிசையா அடுக்கினாங்க. "உங்க அண்ணனால அட்டையைப் பாக்க முடியாது. கூட்டையாவது கையில வச்சுக்கட்டும். கடைசி அட்டையோட கூடு"ன்னாங்க.

நான் சொல்லிக்கிட்டே வந்தேன். பத்து, பத்து, ஒம்போது, பத்து. அப்புறம் கீழ ஒண்ணு. எட்டு, ஆறு மணி. அந்தக் கூட்டை வைக்கறப்ப அண்ணி விரல் நின்னுச்சு. கட்டைவிரலால அதோட அடிப்பக்கத்தைத் தடவினாங்க. முன்னாடி வச்சதை எடுத்துத் தடவினாங்க. மறுபடி இதை. அடுத்த குண்டைப் போட்டாங்க. பத்து. பத்து. அப்புறம் ஏழு, ஆறு மணி. அந்தக் கூட்டையும் தடவினாங்க. கண்ணாடியைக் கழட்டிட்டு, நல்ல கூடு ஒண்ணையும் கீழ போன ரெண்டையும் என் கையில வச்சாங்க.

"தொட்டுப் பாரு."

விசையை அமுக்கினா ரைபிள் உள்ள இருக்கற ஊசி வந்து தோட்டாவோட அடி விளிம்பில அடிக்கும். அந்தத் தடம் ஒரு சின்னப் பள்ளமா இருக்கும். நல்ல குண்டோட கூட்டுல நகம் மாட்டற அளவு பள்ளம். கீழ போன ரெண்டுலயும் சும்மா பேருக்கு ஒரு கீறல். எனக்கே தெரிஞ்சுதுன்னா பாத்துக்கோங்க.

அண்ணி எழுந்துட்டாங்க. பத்து குண்டையும் முடிக்கக்கூட இல்ல. ரைபிளைத் தூக்கிக்கிட்டு ரேஞ்சுக்குப் பின்னாடி இருக்கற ரிப்பேர்காரர் ஷெட்டுக்கு நேரா நடந்தாங்க. நான் தூரக்கண்ணாடியை அணைச்சுக்கிட்டு பின்னாடியே ஓடினேன்.

ரிப்பேர்காரர் திருகெல்லாம் முன்னாடியே பாத்தவருதான். அப்ப உள்ள இருக்கற ஊசியைக் கழட்டல. இப்ப கழட்டி விளக்குக்குக் கீழ வச்சாரு. நுனி மழுங்கி, ஓரம் தட்டையா பிதுங்கி இருந்துச்சு. குழாய் வாயைப் பாத்தாரு. ஊசி வந்து இறங்கற இடத்துல இரும்பே நசுங்கி ஒரு குழி.

"ஊசி தேஞ்சு போச்சு. அடி சரியா விழல. மருந்து விளிம்புலதானே இருக்கு, பலமா தட்டினா ஒரே மூச்சுல பத்தும், லேசா தட்டினா சோம்பலா பத்தும். குண்டு மெதுவா போகும், கீழ இறங்கும். சில சமயம் நல்லாவும் அடிக்கும். அதான் கோச் சுட்டப்ப தெரியல." அவரு நிமிர்ந்து அண்ணியைப் பாத்தாரு. "ஆனா இது சுட்டுத் தேஞ்சது இல்லம்மா. யாரோ வெறும் துப்பாக்கியை அடிச்சிருக்காங்க. நடுவுல தோட்டாவோ கூடோ இல்லாம அடிச்சா ஊசி நேரா இரும்புல போய் இடிக்கும். ஒரு நாள் ரெண்டு நாள் அடிச்சது இல்ல, மாசக் கணக்கா அடிச்சிருக்காங்க. வீட்ல யாரு?"

"எங்க வீட்ல அப்படி யாரும் இல்ல"ன்னு அண்ணி டக்குனு சொன்னாங்க. சொல்லி முடிக்கறதுக்குள்ள அவங்க முகம் மாறிடுச்சு.

எனக்கும் அப்பதான் உறைச்சுது. தினமும் காலைல அண்ணி பஸ்ஸை எடுத்துக்கிட்டுப் போனதும், மேல கட்டில் நகர்ற சத்தம் கேக்கும். மனுஷன் எழுந்து தட்டுத் தடுமாறி நடக்கறான்னு நெனச்சுக்கிட்டு நான் மெஷினை மிதிச்சுக்கிட்டு இருப்பேன். கட்டிலை நகர்த்தினா கீழ ஒரு ஆள் குப்புறப் படுக்க இடம் கிடைக்கும்.

"அடப்பாவி!"ன்னு கத்திட்டேன். "ஆடத் தெரியாதவளா? இவன்ல கூடத்தையே இடிச்சிருக்கான்! வாங்க அண்ணி, இன்னிக்கு இருக்கு அவனுக்கு."

"நீ பேசக் கூடாது. நான் பேசறேன்"ன்னாங்க அண்ணி.

அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில இருந்தான். காலடிச் சத்தத்துல ரெண்டு பேருன்னு கண்டுபிடிச்சான். "கொடுத்துட்டியா?"ன்னு கேட்டான். குரலே சரியில்ல.

அண்ணி அவன் முன்னாடி நின்னாங்க. அவங்க கோபத்தை நான் அன்னிக்குத்தான் பாத்தேன். சத்தமே இல்லாத கோபம்.

"காலைல நான் போனப்புறம் துப்பாக்கி வச்சிருக்கற அலமாரியைத் திறக்கறீங்களா?"

அவன் கை சட்டைப் பையைப் போய்த் தொட்டுச்சு.

"நாளைக்கு நான் பஸ் சாவியைக் கொடுக்கப் போறேன். எதுக்குத் தெரியுமா? என் கையை நான் நம்பல. ஒவ்வொரு திருப்பத்துலயும் பயந்துக்கிட்டே ஓட்டறேன். பிள்ளைங்க டாட்டா காட்டினா முகத்தைப் பாக்க முடியல. நீங்க மூச்சு சரியில்லன்னு சொல்லிச் சிரிச்சீங்க. ஊசி நுனியே இல்லங்க. வெறும் துப்பாக்கியை அடிச்சு அடிச்சு இரும்பே நசுங்கி இருக்கு."

"வெறும் துப்பாக்கியையா? நானா?" அண்ணன் எழுந்துட்டான். அவனுக்கு உண்மையிலேயே கோபம் வந்துச்சு. "எடுத்தேன், ஒத்துக்கறேன். தொட மாட்டேன்னு எல்லாரு முன்னாடியும் சொன்னவன், வெக்கமா இருந்துச்சு, அதான் ஒளிச்சேன். தோட்டா ஒண்ணும் வீட்ல இல்ல, யாருக்கும் ஆபத்து இல்ல. விசையை அமுக்கறப்ப 'டக்'குனு ஒரு சத்தம் வருதே, அதுக்குக் கண்ணு வேண்டாம்ல? அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் படுத்தேன். ஆனா வெறுமனே அடிக்கறதுக்கு நான் என்ன நேத்து வந்தவனா? கிளப்புல எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்ததே நான்தான். காலிக் கூடு உள்ள வச்சுதான் அடிப்பேன். அடி கூட்டோட விளிம்புல விழும், இரும்புல விழாது. விளிம்பு சுத்திப் பள்ளமாயிட்டா தூக்கிப் போட்டுட்டு வேற கூடு எடுக்கணும். அதையும் ஒவ்வொரு நாளும் தடவிப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

சட்டைப் பையில கையை விட்டு ஒரு கூட்டை எடுத்து நீட்டினான். "இந்தா. நீயே பாரு. புதுசு மாதிரி வழவழன்னு இருக்கு. ஒரு பள்ளம் கிடையாது."

அண்ணி வாங்கினாங்க. நானும் எட்டிப் பாத்தேன்.

அதுல விளிம்புன்னு ஒண்ணே இல்ல. சுத்திலும் நசுங்கி, கிழிஞ்சு, எலி கடிச்ச மாதிரி இருந்துச்சு. சும்மா தொட்டாலே விரலைக் கீறும். ஊசியைத் தாங்கறதுக்கு அதுல மிச்சமே இல்ல.

அண்ணி அதையும் அவனையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. கோபம் எல்லாம் வடிஞ்சு போச்சு. அவங்களுக்கு எல்லாம் புரிஞ்சிடுச்சு. எனக்கு ஒரு நிமிஷம் கழிச்சுதான் புரிஞ்சுது. அட்டையைத் தடவறதை ஏன் விட்டான், சோம்பேறித்தனம்னு ஏன் சொன்னான். சர்க்கரை கண்ணோட நிக்காம விரல் நுனியையும் மரத்துப்போக வச்சிருக்கு, ஓட்டை தெரியல. அட்டை மேல பழியைப் போட்டு, மனசு மேல பழியைப் போட்டு, விரல் மேல மட்டும் போடாம இருந்திருக்கான்.

"என்ன பேசாம இருக்க? சரியாத்தானே இருக்கு?"ன்னு அண்ணன் கேட்டான்.

ஆமாங்கன்னு சொல்லிடுங்க அண்ணின்னு மனசுக்குள்ள கெஞ்சினேன். ஊசியை மாத்திக்கலாம், அலமாரிச் சாவியை வேற இடத்துல வச்சுக்கலாம், விட்ருங்கன்னு. அண்ணி கண்ணுல தண்ணி நிறைஞ்சு நின்னுச்சு. ஆனா அவங்க டயரைத் தட்டிப் பாக்காம வண்டியை எடுக்காதவங்க.

"இல்லங்க. விளிம்பே இல்ல இதுல."

"எங்க? காட்டு."

அண்ணி அவன் ஆள்காட்டி விரலைப் பிடிச்சு, கூட்டோட அடியில வச்சு, மெதுவா சுத்திலும் உருட்டினாங்க. அவன் தலையைச் சாய்ச்சு, கண்ணை மூடி, முன்னாடி அட்டையைத் தடவறப்ப எப்படி இருப்பானோ அப்படியே கவனிச்சான்.

"வழவழன்னுதானே இருக்கு"ன்னான். இந்தத் தடவை குரல் இறங்கிப் போச்சு. "நல்ல கூடு ஒண்ணு கொடு."

அண்ணி மடியில முடிஞ்சு வச்சிருந்த கடைசி அட்டைக் கூட்டுல ஒண்ணை எடுத்து அவனோட இன்னொரு கையில வச்சாங்க. ரெண்டையும் தடவினான். கை மாத்திக்கிட்டான். உதட்டுல வச்சுப் பாத்தான். உதட்டுல வச்சதும் நின்னுட்டான். உதடு சொல்லிடுச்சு, விரல் சொல்லாததை.

நாற்காலியில உக்காந்து ரெண்டு கையையும் மடியில மல்லாத்தி வச்சுக்கிட்டான். "கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன்"ன்னான். "விரல் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே."

எங்க அண்ணன் அழுது நான் பாத்ததில்ல. எங்க அப்பா செத்தப்பக்கூட அவன் அழல. அன்னிக்கு அழுதான். அண்ணி தரையில உக்காந்து அவன் கையை எடுத்துத் தன் முகத்துல வச்சுக்கிட்டாங்க. "என் கை நல்லாத்தான் இருக்குங்க. அது போதும். ரெண்டு பேருக்கும் சேத்து அது இருக்கும்"னு சொன்னாங்க. எதுக்கும் வாயாடற நான், வாசல் திரைச்சீலையை மூஞ்சில அழுத்திக்கிட்டு நின்னேன்.

திங்கக்கிழமை அண்ணி பஸ்ஸைச் சுத்தி நடந்து, டயரைத் தட்டி, வண்டியை எடுத்தாங்க. சாவி அவங்ககிட்டயேதான் இருக்கு. ரிப்பேர்காரர் புது ஊசி போட்டாரு, குழாய் வாயில நசுங்கினதைச் சரி பண்ணாரு. அடுத்த அட்டையில கீழ ஒண்ணுகூட இல்ல. கோச் வந்து, "நான் அன்னிக்கே ரைபிள்லதான் ஏதோன்னு..."னு ஆரம்பிச்சாரு. நான் ஒரு பார்வை பாத்தேன். எனக்கும் வந்துடுச்சு போல, மனுஷன் அடங்கிட்டாரு. அந்த நாலு பேர்ல அண்ணி போனாங்க, சுட்டாங்க, நடுவாந்தரமா ஒரு இடம் வந்தாங்க. அதைப் பத்தி அவங்க பெருசா எதுவும் சொல்லல.

இப்ப மேல கட்டில் நகர்ற சத்தம் காலைல வர்றதில்ல. சாயங்காலம், அண்ணி பஸ்ஸை விட்டுட்டு வந்து முகம் கழுவினதுக்கப்புறம் வருது. அண்ணன் குப்புறப் படுத்துக்குவான். அண்ணி பக்கத்துல உக்காந்து, கூட்டைத் தன் கட்டைவிரலால சுத்தித் தடவிப் பாத்து உள்ள வைப்பாங்க. கொஞ்சம் பள்ளம் விழுந்தாலும் மாத்திடுவாங்க. நேத்து அவங்களுக்கு பிரேக் செக்கிங், வர நேரமாயிடுச்சு. மேல கட்டில் நகந்துச்சு, அப்புறம் சத்தமே இல்ல. நான் மெஷினை நிறுத்திட்டு ஏறிப் போனேன். அண்ணன் படுத்துத் தயாரா இருந்தான், அலமாரியைத் திறக்கல, காத்துக்கிட்டு இருந்தான். நானே ரைபிளை எடுத்துக் கொடுத்து, டப்பாவுல இருந்து ஒரு கூட்டை எடுத்து, அண்ணி பண்ற மாதிரியே தடவிப் பாத்து வச்சேன்.

"நல்லா பாத்தியா?"ன்னு கேட்டான்.

"பாத்தேன் அண்ணே. நல்லா இருக்கு, அடி"ன்னேன்.

அவன் மூச்சை முழுசா விட்டான். அப்புறம் டக்குனு ஒரு சத்தம்.

"நடுவுல"ன்னான் எங்க அண்ணன்.

"பத்து"ன்னேன் நான்.